சாத்துவதில் குறைபாடு இல்லை

எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் போனை எடுப்பதில்லை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எடுப்பார். பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும், “இதை எழுத்துமூலமா குடுத்துடுங்க” என்று சொல்லி வைத்துவிடுவார். மாடியில் தீப்பிடித்துவிட்டது என்று கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வார் என்பது கீழ்வீட்டுப் பொன்னியம்மாவின் கருத்து. நான் அதை மறுக்கவில்லை.

அவர் பெயர் மணவாளன். ஆவடியில் ஏதோ ஒரு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். நிர்வாகத்தைப் பெட்டி கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடையில் நாலு குடித்தனம் இருக்கும் மாடி வீடு. கீழே முன்பக்கம் அவர். வாசல் அறையில் ‘நிர்வாக அலுவலகம் – செவ்வாய், வெள்ளி, காலை 11 முதல் 12 வரை’ என்று போர்டு தொங்கும். அதாவது வேலைக்குப் போகிற எவனும் வர முடியாத நேரம்.

குடித்தனக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் அவர் மட்டும்தான் எழுதலாம். நாங்கள் கட்டைவிரல் போடலாம். போட வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போடாதவர்களுக்கு ‘நினைவூட்டல் – 1’ வரும். நாங்கள் ஜூன் மாதம் குடிவந்தபோது பத்தொன்பதாம் சுற்றறிக்கை ஓடிக்கொண்டிருந்தது: மாடிப்படியில் ஏறும்போது இடது பக்கம், இறங்கும்போதும் இடது பக்கம். வீட்டில் நல்ல காற்று வந்தது. அம்பத்தூரில் என் ஆபீசுக்கு ரயிலில் கால் மணி நேரம். கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஐப்பசி மழையில் கதவு ஊதிவிட்டது.

பழைய மரக்கதவு, அதில் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு நைட் லாட்ச். மழையில் மரம் ஊதி, லாட்ச் எங்கேயோ சிக்கி, உள்பக்கத்துக் குமிழ் சும்மா சுற்ற ஆரம்பித்தது. வெளியிலிருந்து சாவி போட்டால் கதவு திறக்கும். உள்ளேயிருந்து திறக்காது. மற்றவர்கள் வீட்டுக் கதவெல்லாம் வெளியே இருப்பவனைத் தடுக்கும். எங்கள் கதவு உள்ளே இருப்பவர்களைத் தடுத்தது. ஜெயிலில்தான் அப்படி வைப்பார்கள்.

உள்ளே இருந்தவள் ரேகா, என் மனைவி. அப்போது எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தென்காசிக்குப் போக வேண்டியவள். ரயில், பஸ் எதுவும் கூடாது, படி இறங்குவதுகூடப் பார்த்துத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஆவடியிலேயே தங்கிவிட்டாள். நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழுக்குத்தான் திரும்புவேன். நடுவில் வலி வந்தால் அவள் எப்படி வெளியே வருவாள்? எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

சாத்தாமல் வைத்தால் போயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்து, இடுக்கில் ஒரு துண்டை மடித்து வைத்தோம். ராத்திரி துண்டு அப்படியே இருக்கும், காலையில் நான் கிளம்பிவிடுவேன். பகலில்தான் மணவாளன் தினமும் மூன்று முறை மாடிப்படியில் ரோந்து வருவார். துண்டை எடுத்து, நாலாக மடித்து, கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார். சுற்றறிக்கை 22: நாய், கொசு, விற்பனைப் பிரதிநிதிகள் ஆகியோரின் வருகையைத் தவிர்க்கும் பொருட்டுக் கதவுகள் எந்நேரமும் மூடியிருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். பச்சைத் துணி விரித்த மேஜை. அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சுழல் நாற்காலி. மணவாளன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என் மனுவை வாங்கி, படித்து, முத்திரை குத்தி, எண் போட்டார்.

“எப்ப சார் சரி பண்ணுவீங்க?”

“நான் தபால் பிரிவு. முடிவெடுக்கறது அதிகாரி.”

“அதிகாரி யாரு சார்?”

பக்கத்தில் காலியாக இருந்த சுழல் நாற்காலியைக் காட்டினார்.

“எப்ப வருவாரு?”

“செவ்வாக்கிழம.”

செவ்வாய்க்கிழமை மறுபடி லீவு போட்டேன். சுழல் நாற்காலியில் மணவாளனே இருந்தார். சட்டைப் பையில் பேனா ஒன்று கூடியிருந்தது.

“உங்க மனு இன்னும் என் பார்வைக்கு வரலியே. தபால்ல கேட்டீங்களா?” என்றார்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். “இன்னிக்கு லீவு போலிருக்கு,” என்றார். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

“சார், என் மனைவி எட்டு மாசம். உள்ள மாட்டிக்கிட்டா…”

“உக்காருங்க சம்பத். உங்க வயசுல எல்லாருக்கும் அவசரம்தான். நான் முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஃபைலக்கூட அவசரப்பட்டு முடிச்சதில்ல. முடிச்சா என்ன ஆகும்? வந்தவன் எழுந்து போயிடுவான். அப்புறம் நம்மள யாரு சார்னு கூப்பிடுவா? ஒருத்தர் என்னைப் பாக்க பதினொரு வருஷம் வந்தாரு. சம்பள பாக்கி விஷயம். கடைசியில அவர் இறந்து, அவர் மகன் வந்து, ‘அப்பா உங்களப் பத்தியேதான் பேசிட்டிருப்பாரு’ன்னான். அந்தத் தொடர்பு இருக்கு பாருங்க, அதுதான் நிர்வாகம்.”

எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஏன் கும்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நானே லாட்சைக் கழற்றப் போனேன். இரண்டாவது திருகில் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஸ்க்ரூடிரைவர் கைப்பற்றப்பட்டது. அதற்கு ரசீது கொடுத்தார்: ‘சிவப்புக் கைப்பிடி போட்டது, ஒன்று, பழையது’.

ஒரு வாரம் கழித்துப் பதில் கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது. ‘தங்கள் இல்லத்தில் கர்ப்பிணி ஒருவர் இருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் நிலையிலும் நிலைக்கதவிலும் கை வைப்பது நமது மரபில் இல்லை. எனவே தங்கள் மனு பிரசவத்துக்குப் பிறகு பரிசீலிக்கப்படும். எனினும் மேலிடத்தின் உத்தரவுக்காகவும் அனுப்பப்பட்டுள்ளது.’

பிரசவத்துக்குப் போவதற்காகக் கதவு திறக்க வேண்டும் என்று கேட்டால், பிரசவம் முடிந்ததும் திறக்கலாம் என்கிறார். மேலிடம் யார் என்று கேட்டேன். மணவாளன் ஒற்றை விரலை மேலே காட்டினார். நான் கடவுள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டையே மாற்றிவிடலாம் என்று தென்காசிக்குப் போன் செய்தேன். மாமியார் பதறிவிட்டார். “வயித்துப் பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு வீடு மாறப்பிடாது மாப்ள. பேசவும் பிடாது.” கதவைக் கழற்றக் கூடாது என்பதிலும் அவர் மணவாளன் கட்சி. “அவுகளும் வெவரம் தெரிஞ்ச மனுசர்தான் போல,” என்றார். ரேகா போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் சேந்து என்னை உள்ள வச்சுப் பூட்டியாச்சு,” என்று அழுதாள்.

கடைசியில் கைகொடுத்தது பொன்னியம்மாதான். பின்பக்க வீட்டில் இட்லி சுட்டு விற்கிறவர். அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் கத்திரிக்காய்த் தோட்டம். “எங்க நெலத்துலயே நா வாடகைக்கு கீறேன். அந்தாளு எனக்கே எடது பக்கமா ஏறு, எடது பக்கமா எறங்குன்றான்,” என்பார். எங்கள் இரண்டாவது சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ரேகா கரண்டியால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் கதவைத் திறக்க வேண்டும். மூன்று தட்டு என்றால் வலி.

“நீ கவலப்படாம ஆபீஸ் போ நைனா. மூணு தட்டு கேட்டுச்சுன்னா அடுப்புல இன்னா கீதுன்னுகூடப் பாக்க மாட்டேன், ஓடியாந்துருவேன்.”

பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் சுற்றறிக்கை 31 வந்தது: ஜன்னல் கம்பிகளில் பாத்திரங்களால் ஓசை எழுப்புவது தடை செய்யப்படுகிறது. மீறி ஓசை எழுந்தால், எழுப்பியவர் யாராயினும், ஏனைய குடித்தனக்காரர்கள் அதைக் கேட்டுச் செல்லக் கூடாது. எல்லோரும் கட்டைவிரல் போட்டோம். பொன்னியம்மா இரண்டு கட்டைவிரல் போட்டார்.

கார்த்திகை கடைசியில், ரேகாவுக்குத் தேதி குறித்ததற்குப் பத்து நாள் முன்னால், யாரும் எதிர்பாராத விதமாக நிர்வாகம் அசைந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரடி ஆய்வு. ஆய்வுக் குழுவுக்கு மெதுவடையும் காபியும் குடித்தனக்காரர் பொறுப்பு. ஆய்வு முடியும்வரை அந்த வீட்டின் எல்லாச் சாவிகளும் குழுவின் வசம் இருக்கும். பொன்னியம்மா முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

அன்று கொட்டுகிற மழை. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மணவாளனும், குழுவின் தொழில்நுட்ப உறுப்பினரான ஏகாம்பரமும் இடது பக்கமாகவே படியேறி வந்தார்கள். ஏகாம்பரம் மணவாளனோடு அதே அலுவலகத்தில் இருந்தவர். கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு டார்ச், ஒரு நோட்டு. இருவரும் வடை சாப்பிட்டார்கள். காபி குடித்தார்கள். பிறகு ஏகாம்பரம் கதவின் அகலத்தை ஸ்கேலால் ஆறு ஆறு அங்குலமாக அளந்தார். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து அளந்தார்.

“அடுத்தது செயல்முறைச் சோதனை. கதவைச் சாத்திப் பாக்கணும்,” என்றார்.

“சாத்தாதீங்க சார்! அதுதான் சார் கம்ப்ளெயின்ட்டே!”

“சாத்தாம எப்படித் தெரியும்?” என்றார் மணவாளன்.

ஏகாம்பரம் சாத்தினார். லாட்ச் ‘க்ளிக்’ என்று விழுந்தது. அவர் நோட்டில் எழுதியபடியே வாய்விட்டுப் படித்தார். “சாத்துவதில் குறைபாடு இல்லை.”

பிறகு திறக்கப் போனார். குமிழ் சுற்றியது. இன்னும் கொஞ்சம் சுற்றினார். குமிழ் அவர் கையோடு வந்துவிட்டது. அதையும் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டார்.

வெளியிலிருந்து திறக்கலாம். ஆனால் சாவி இரண்டும் மணவாளனின் சட்டைப் பையில், எங்களோடு உள்ளே இருந்தன. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ரேகாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மணவாளன் அதைக் கவனிக்கவில்லை. கரண்டியை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினார். எட்டு, பத்து, பதினைந்து. கீழே பொன்னியம்மா குடையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா சார் சத்தம்?”

“உள்ள மாட்டிக்கிட்டோம்மா! வந்து ஏதாவது பண்ணு!”

“நா எப்டி சார் வர்றது? முப்பத்தொண்ணு நீங்கதான போட்டீங்க? தட்டுனது யாராருந்தாலும் போவக் கூடாதுன்னு? நா வெரல்கூட வச்சேனே!”

“அதுக்கு விதிவிலக்கு…”

“எழுத்துமூலமா குடு சார்,” என்று சொல்லிவிட்டுப் பொன்னியம்மா திரும்பினார்.

ரேகா நடந்து போய் மணவாளன் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். மூன்று முறை தட்டினாள். அவள் கால் வழியே தண்ணீர் இறங்கித் தரையில் ஓடியது.

பொன்னியம்மா குடையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்தார். “சாவியப் போடு சார், சீக்கிரம்!”

மணவாளன் சட்டைப் பையில் கைவிட்டார். கை பாதியில் நின்றது. “சாவிய ஒப்படைக்கறதுன்னா ஒரு கையெழுத்து வேணும்.” சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னபோது அவர் கண் தரையில் ஓடிய தண்ணீர் மேல்தான் இருந்தது. ஆனாலும் வாய் அதைத்தான் சொன்னது. முப்பத்தொரு வருடப் பழக்கம். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, அதில் இரண்டு சாவிகளையும் பொட்டலமாகக் கட்டிக் கீழே போட்டார். மழையில் தாள் பிரிந்துகொண்டது. சாவி தெருத் தண்ணீரில் விழுந்தது. தாள் மட்டும் மிதந்தது.

பொன்னியம்மா ஒரு நிமிடம் குனிந்து துழாவினார். பிறகு மணவாளனை அவர் அப்பன் பாட்டனோடு சேர்த்து ஏதோ திட்டிவிட்டு, பக்கத்து மனையில் மழையால் நின்றுபோயிருந்த கட்டட வேலையிலிருந்து ஒரு கடப்பாரையை இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“ஒதுங்குங்கப்பா! ஒடைக்கப் போறேன்!”

மணவாளன் கதவின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “நிலைக்கதவும்மா அது! மேலிடத்து உத்தரவு இல்லாம தொடக் கூடாது!”

“யாரு சார் அந்த மேலிடம்? இப்பவே கேளுங்க!” நான் கத்திய கத்தலில் ஏகாம்பரம் நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

மணவாளன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். திரையில் ‘ஹேமநாதன்’ என்று இருந்தது. மணி அடித்தது, அடித்தது, நின்றுவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி நின்றுவிட்டது.

“பையன்,” என்றார் ஏகாம்பரம், என் காதருகில். “வீடு அவன் பேர்ல. கனடாவுல இருக்கான். நாலு வருஷமா போன எடுக்கறதில்ல.”

மறுபடி கூப்பிட மணவாளன் விரலை வைத்ததில், மகனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் திரையில் மேலே ஓடின. என் மனு இருந்தது. எல்லாக் குடித்தனக்காரர்களின் மனுவும் இருந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ‘உன் மேலான உத்தரவுக்கு’ என்று எழுதி அனுப்பியிருந்தார். நடுநடுவே, ‘அப்பாவுக்கு ஷுகர் கொஞ்சம் கூட’, ‘நீ நட்ட கொய்யா காய்த்திருக்கிறது’. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து இல்லை, ஒரு கட்டைவிரல்கூட இல்லை. அந்த ஆள் மேல் எனக்கு முதல் முறையாகப் பரிதாபம் வந்தது. அது இரண்டு நொடிதான் இருந்தது, ஏனென்றால் ரேகா அலறினாள்.

“அக்கா, ஒடைங்கக்கா!”

கடப்பாரை லாட்சுக்குப் பக்கத்தில் இறங்கியது. மூன்றாவது அடியில் மரம் பிளந்தது. மணவாளன் நகர்ந்தார் என்று சொல்ல முடியாது, கதவுதான் அவரை நகர்த்தியது. ரேகாவை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் பொன்னியம்மாவுமாகத் தாங்கிப் படியிறக்கினோம். எந்தப் பக்கமாக இறங்கினோம் என்று நினைவில்லை. ஏகாம்பரம் எங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் முன்னால் போய் ஆட்டோவை மறித்தார். சாயங்காலம் ஆறு பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சுற்றறிக்கை 34 வந்தது. முதல் மாடியில் ஆட்களின் எண்ணிக்கை முன் அனுமதியின்றி இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்துள்ளது, விளக்கம் தேவை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் போட்டேன்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பியபோது மார்கழி பிறந்திருந்தது. பிளந்த கதவை ஆதாரமாக நிர்வாக அலுவலகத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். வாசலில் நிலை மட்டும் இருந்தது. புதுக் கதவு கேட்டு மனு கொடுத்தேன். மார்கழியில் நிலைக்கதவு பொருத்துவது மரபில் இல்லை என்று பதில் வந்தது. தென்காசியிலிருந்து வந்திருந்த மாமியார் தன் பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு, “மார்கழியில வீடும் மாறப்பிடாது மாப்ள,” என்றார்.

போன வாரம் மணவாளன் படியேறி ஓடிவந்தார். வலது பக்கமாக ஏறி வந்தார், அதை அவரே கவனிக்கவில்லை. கதவுச் சேத அறிக்கையோடு குழந்தையின் படத்தையும் இணைத்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் வந்திருக்கிறது. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு கட்டைவிரல்.

“நாலு வருஷத்துல மொத பதில், சம்பத்!” கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அப்ப புதுக் கதவு போட்டுடலாமா சார்?”

அவர் அந்தக் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒப்புதல் வந்துடுச்சு. ஆனா எதுக்கு ஒப்புதல்னு குறிப்பிடல. விளக்கம் கேட்டு எழுதியிருக்கேன்.”

விளக்கம் இன்னும் வரவில்லை. முன்பு கதவு திறக்காததால் ரேகாவால் வெளியே போக முடியவில்லை. இப்போது கதவே இல்லாததால் வீட்டைப் போட்டுவிட்டு யாராலும் வெளியே போக முடியவில்லை. ஆபீசில் கெஞ்சிக் கேட்டு, நிலைக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நாய் வருகிறது, கொசு வருகிறது, நேற்று தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிறவர் சேலையை விலக்கிக்கொண்டு அடுப்படிவரை வந்துவிட்டார். மணவாளன் தினமும் மூன்று முறை ரோந்து வருகிறார். எங்கள் வாசலில் நிற்கிறார். என் தலைக்கு மேலாகப் பழக்கத்தில் கையை நீட்டி, இல்லாத கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போகிறார்.